ட்ரிகர் உடையவில்லை சேர், ஊறிப்போனது

போன ஞாயிறு கண்டியில், துவக்குச் சுடும் போட்டியின் நடுவிலேயே நம் கிளப் பிள்ளையின் ரைபிள் ட்ரிகர் பிடிக்காமல் போனது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், சிரிக்கிற பொம்மைகளோடு. "கண்ட கண்ட ட்ரிகரைப் போட்டால் இப்படித்தான்" என்று ஒரு சேர் எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கண்ட கண்ட ட்ரிகரைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். என் பெயரைப் போடாத பெருந்தன்மைக்கு நன்றி. போடாமலே எல்லாருக்கும் விளங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் உடையவில்லை. திங்கட்கிழமை பிரித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் சரி, பின் சரி, கொக்கியின் விளிம்பு லென்ஸ் வைத்துப் பார்த்தும் தேயவில்லை. உள்ளே இருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு களி. பலாக்காய் வெட்டிய கத்தியைக் கழுவாமல் வைத்தால் மறுநாள் எப்படி இருக்கும், அப்படி. ஊசியால் தொட்டால் நூல் இழுத்தது. மோந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய்.

ட்ரிகர் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு இரும்பு விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். விரல் அழுத்தினால் ஒன்று வழுக்கும், ரவையைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி பாயும். ரைபிளோடு வருகிற கம்பனி ட்ரிகரில் அந்தப் பிடி தாராளம், ஸ்பிரிங்கும் முரடு. போட்டிக்கென்று தனியாகச் செய்து விற்கிற வெளி ட்ரிகரில் பிடி மயிரிழை, ஸ்பிரிங் மெல்லிசு. 50 மீட்டரில் படுத்துச் சுடுகிற பிள்ளைக்குப் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவு. முரட்டு ட்ரிகரை இழுக்கிற இழுப்பிலேயே அது போய்விடும். அதற்காகத்தான் மாற்றுகிறோம், அழகு பார்க்க இல்லை. ஆனால் மெல்லிய ஸ்பிரிங்குக்குக் களியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரப் பலம் கிடையாது. 23ஆவது ரவையில் அதுதான் நடந்தது. பிள்ளை போல்ட்டை, அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டை, மூடினாள், கொக்கி வந்து பிடிக்கவில்லை, ஊசி போல்ட்டோடு சேர்ந்தே இறங்கிவிட்டது.

அந்தக் களி எங்கிருந்து வந்தது? .22 ரவையின் ஈயக் குண்டு மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். அதுவும் புகையும் எரியாத மருந்துத் துகளும் சுடச்சுடக் கீழே இறங்கும். அதற்கு மேல் எண்ணெய் ஊற்றினால் எல்லாம் பிசைந்து ஒன்றாகிவிடும். அதற்கும் மேலே நம்முடைய ஈரம். ஹட்டனில் ஜூன் மழை பிடித்துக்கொண்டால் அலுமாரிக்குள் இருக்கும் தோல் சப்பாத்திலேயே பூஞ்சணம் பூக்கிறது. துவக்குக்கு மட்டும் விதிவிலக்கா?

என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். 2018இல் பூட்டியது. "ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொண்டு வரவும், உள்ளே எண்ணெய் விடக் கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். 2019இல் இரண்டு தடவை வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு, ரைபிள் இரும்பு அலுமாரிக்குள் போனது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றோமா, துவக்குச் சுட்டோமா? திரும்பத் திறந்தபோது குழலில் துருப் புள்ளிகள். யாரோ பதறிப்போய் மேலே, கீழே, உள்ளே என்று எண்ணெயால் குளிப்பாட்டியிருக்கிறார்கள். என்னிடம் கொண்டு வரவில்லை. கொப்பியில் 2019க்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. ஆகவே, ட்ரிகர் உடையவில்லை.

"ஒரிஜினலே இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காதே" என்பீர்கள். சரி, வந்திருக்காது. இந்த அழுக்கில் அது இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரிஜினல் என்றால் தெய்வம் என்கிற பேச்சு வேண்டாம். ரெமிங்டன் என்கிற அமெரிக்கத் துவக்குக் கம்பனி 2014 ஏப்ரலில் தன்னுடைய சொந்த ட்ரிகரையே திரும்பக் கேட்டது. 2006 மே முதல் செய்து விற்ற மாடல் 700, மாடல் செவன் ரைபிள்கள். தொழிற்சாலையில் ஒட்டும் பசை கூடிப்போய், விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்று. அது வெளி ட்ரிகரா சேர்?

"ஜெர்மன் ரைபிள் வாங்கினால் ட்ரிகர் மாற்றவே தேவையில்லை" என்று இன்னொருவர். உண்மைதான். உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் கம்பனி ரைபிளின் ட்ரிகரை நானும் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன், சொர்க்கம். வாங்கித் தாருங்கள், நாளைக்கே ஆட்டோ அனுப்புகிறேன்.

ஒரே ஒரு கேள்விதான் உண்மையில் தைத்தது. "வெடித்திருந்தால்?" ஒரு அம்மா கேட்டார், சிரிக்கிற பொம்மை இல்லாமல். குழல் குறியின் பக்கம்தான் இருந்தது, ஊசி மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் வெடிக்காது, இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்றிரவு தூங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நானே போய்க் கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டிருக்கலாம். கூப்பிடாத வீட்டுக்குப் போவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஏன் என்று கீழே விளங்கும்.

அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் பிட்டர், மெஷின் பழுது பார்க்கிறவர். ரோலர் அறையில் கொழுந்துச் சாறும் தேயிலைத் தூசும் பேரிங்கில் ஏறி இதே பழுப்புக் களியாக நிற்கும். புதிதாக வந்த பையன்கள் எண்ணெய்க் கேனோடு ஓடுவார்கள். அப்பா கேனைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையில் துணியைக் கொடுப்பார். "மொதல்ல தொடடா. அழுக்கு மேல எண்ண ஊத்துனா அது எண்ண இல்ல, சாந்து." நான் மெஷின் படித்தது அங்கேதான், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. ஒரு மழைக்காலம் பேரிங் இறுகி நின்றது. அதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தித் துடைக்க வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார், கொழுந்து வரத்து அதிகம் என்று ஆபீஸில் விடவில்லை. ஆபீஸ் புத்தகத்தில் 'பிட்டரின் கவனக்குறைவு' என்று இங்கிலீஷில் எழுதினார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் எட்டாம் வகுப்பு. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அதனால் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால் இவன் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறான் என்று கேட்காதீர்கள். அந்தச் சேர் ஒரு தடவையாவது ட்ரிகரைக் கழற்றி உள்ளே பார்த்திருந்தால் காலில் விழத் தயார். பார்க்கவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன் பூட்டியது, ஆகவே கண்டது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. இது ஜாதி, ஊர் பேச்சு இல்லை என்பார்கள். சரி, இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து ஒருவர் இதே ட்ரிகரைப் பூட்டிக்கொண்டு வந்தபோது "அப்கிரேட்" என்று கைகுலுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை வந்தாள், அவளுடைய அப்பாவின் த்ரீவீலில். ஞாயிறு இரவல் ரைபிளில் மீதி ரவைகளையும் சுட்டு முடித்தாளாம், அதை யாரும் எழுதவில்லை. "மாமா, பழைய ட்ரிகரையே போட்டுருவீங்களா?" என்று கேட்டாள். பழையது என்னிடம்தான் இருக்கிறது, நெஸ்டமோல்ட் டின்னில், துணி சுற்றி. கழுவிக் காய வைத்த வெளி ட்ரிகரை அவள் விரலில் கொடுத்து நாலு தடவை இழுக்கச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை, ஐந்தாவது தடவையும் இழுத்தாள்.

வியாழக்கிழமை ரைபிளோடு வரச் சொல்லியிருக்கிறேன். கிளப்பில் இருக்கிற அந்த எண்ணெய்ப் போத்தலையும் கையோடு கொண்டு வரச் சொன்னேன். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது.