"பிழைச்சதே பெருசு"ன்னு அவகிட்ட சொல்லாதீங்க

போன ஞாயிறு சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பெரிய நாத்தனார் என் மகளிடம் ஏதோ கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. "என்ன அத்தை?" என்றாள். திரும்பக் கேட்டார். திரும்பவும் "என்ன?" நாத்தனார் என் பக்கம் திரும்பி, "விடு, உயிர் பிழைச்சு வந்தாளே, அதுவே பெருசு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பண்ண ஆரம்பித்துவிட்டார்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அதனால் அவர்மேல் கோபப்பட எனக்கு அருகதை இல்லை. ஆனால் எட்டு வருஷம் கழித்து, அது ஏன் தப்பான பேச்சு என்று எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது.

2017ல் அவளுக்கு 20 வயது. பி.காம் இரண்டாம் வருஷம். விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், எடை 38 கிலோவுக்கு வந்துவிட்டது. டிபி என்றார்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும், இது சாதாரண டிபி இல்லை, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத எம்டிஆர் டிபி என்றார்கள். அப்போதைய முறைப்படி இரண்டு வருஷ வைத்தியம். முதல் ஆறேழு மாதம் வாரத்துக்கு ஆறு நாள் கனாமைசின் ஊசி, கூடவே கை நிறைய மாத்திரை. ஊசி போட்ட இடமெல்லாம் கல்லாக இறுகிப்போகும். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் ஒருக்களித்தாவது படுப்பாள்.

ஏழாவது வாரம் இருக்கும். "அம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துதும்மா" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தம் கம்மியாக இருக்கும் என்று முருங்கைக்கீரை வதக்கிக் கொடுத்தேன். நர்ஸிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே சொல்லவில்லை. என் பெரியப்பா டிபி மாத்திரையைப் பாதியில் விட்டுத்தான் செத்தார், அப்போது நான் எட்டாம் வகுப்பு. காதைப் பற்றிச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் இவளும் போய்விடுவாள் என்று என் கணக்கு. "கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, உயிர் முக்கியம்" என்றேன். அவள் மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான்காவது மாதம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். தங்கையின் பேத்திக்கு அப்போதுதான் புதுக்கொலுசு போட்டிருந்தார்கள். குழந்தை வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏன் சித்தி, பாப்பா கொலுசுல மணி வைக்கலையா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. கொலுசு சலங் சலங்கென்று எங்களைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள்தான் ஆடியோகிராம் எடுத்தோம், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற டெஸ்ட். ஊசி ஆரம்பிக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டிய டெஸ்ட் அது, பிறகும் மாதாமாதம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவும் இல்லை, கேட்க எங்களுக்குத் தெரியவும் இல்லை. காரணத்தை அங்கே காது டெஸ்ட் எடுக்கிற ஆடியோலஜிஸ்ட் பெண்தான் பொறுமையாக விளக்கினார். உள்காது நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். அதன் வாசல் பக்கத்து மயிர்ச்செல்கள் கொலுசு மணி மாதிரிக் கீச்சென்ற சத்தங்களை வாங்கும், உள்கோடியில் இருப்பவை மேளம் மாதிரிக் கனத்த சத்தங்களை வாங்கும். இந்த மருந்து வாசலில் இருந்து தின்றுகொண்டே உள்ளே போகும். சாதாரணப் பேச்சு கேட்கவில்லை என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியவரும்போது வாசல் பக்கம் காலியாகியிருக்கும். மனிதக் காதில் அந்தச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

சீக்கிரம் சொல்லியிருந்தால் ஊசியை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்திருக்கலாம், இல்லை வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாம். வைத்தியத்தை விடாமலே காதைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்க முடியும். மருந்தை நிறுத்துவது, மருந்தைப் பற்றிச் சொல்வது இரண்டும் ஒன்று என்று நினைத்த என் பயத்துக்கு அவள் காது போனது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்த வகை மருந்துகளுக்குச் சிலருடைய காது ரொம்பச் சீக்கிரம் பலியாகும். செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் 1555 என்ற இடத்தில் ஒரு மாற்றம் இருந்தால் அப்படி ஆகுமாம். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஆடியோலஜிஸ்டிடம் போய் எனக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். "ஆறு மாசம் தினமும் போட்டா, அந்த மாற்றம் இல்லாதவங்களுக்கும் போகும்மா. இப்ப நீங்க எடுத்து என்ன பண்ணப் போறீங்க?" என்றார். எடுக்கவில்லை. சில நாள் எடுத்திருக்கலாமோ என்று தோன்றும், சில நாள் எடுக்காததே நல்லது என்று தோன்றும்.

2019ல் டிபி முழுசாகக் குணமாகிவிட்டது. அந்த மருந்து அவளைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 21, 22 வயதுப் பிள்ளைக்கு அப்போதுதான் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. காது மந்தமான தாத்தாவுக்குக் கத்திப் பேச வீடே பழகியிருக்கும். இவள் அப்போதுதான் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும், போனில் பேச வேண்டும், புது ஆட்களோடு பழக வேண்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. "கூப்பிட்டா திரும்புறாளே, கேக்குதுல்ல?" என்பார்கள். கூப்பிடுவது கேட்கும். பெயரில் உள்ள ஆ, ஈ, ஓ எல்லாம் கேட்கும். போனது ச, த, ப, க. கடை, சடை, தடை, படை நான்கும் அவளுக்கு ஒரே சொல். எது என்று உதட்டைப் பார்த்து, பேச்சின் போக்கைப் பார்த்து, நொடிக்கு நொடி ஊகிக்கிறாள். அதனால்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிறாள். சரி, சத்தமாகப் பேசலாமே என்றால், "ஏம்மா கத்துற?" என்று காதைப் பொத்துவாள். மெதுவாகப் பேசினால் கேட்காது, சத்தம் கூட்டினால் திடீரென்று அடிக்கும். செல் செத்த காதின் குணமே அதுதானாம். எங்கள் இரண்டு பேருக்கும் பாதிச் சண்டை இதனால்தான்.

அப்புறம், ரகசியம். காதோடு காதாகக் குசுகுசுவென்று பேசுவதில் குரலே கிடையாது, வெறும் காற்று. அவளுக்கு அது சுத்தமாகப் போய்விட்டது. கோயில் வரிசையில் நின்று முன்னால் நிற்பவரின் சேலையைப் பற்றி அவளிடம் கிசுகிசுக்க எனக்கு இனி வழியில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பக்கத்திலேயே நின்றுகொண்டு.

காது மெஷின் இரண்டும் சேர்த்து 64,000 ரூபாய், என் செயினை வைத்து வாங்கினோம். தலையை விரித்துவிட்டால் வெளியே தெரியாது என்று அவள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் முதல் வேலையாகக் கொண்டை போட்டாள். தெரிந்தால்தான் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று அவள் நியாயம். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

சான்றிதழ் வாங்கலையா என்று கேட்பவர்களுக்கு: 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், பேச்சு அலைவரிசையில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். இவளுக்குக் கனத்த சத்தங்கள் ஏறக்குறைய நன்றாகவே கேட்கும், கீச்சுச் சத்தங்களுக்குப் போகப்போக ஆடியோகிராம் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கும். சராசரி போட்டால் 60க்குக் கீழே நிற்கிறது. சட்டத்தின்படி ஊனம் இல்லை. வங்கி கவுன்டரில் நின்றால் டோக்கன் நம்பர் புரியாது.

2018ல் உலக சுகாதார நிறுவனமே கனாமைசினை ஒதுக்கச் சொல்லிவிட்டது. மாத்திரை மட்டுமே உள்ள முறைகள் வந்துவிட்டன, 2024ல் நம் நாட்டிலும் ஆறு மாத முறைக்கு ஒப்புதல் கிடைத்தது. எம்டிஆர் டிபிக்கான பெடாகுலின் என்ற புது மாத்திரை 2016லேயே சென்னை உட்பட ஆறு இடங்களுக்கு வந்திருந்தது. அதற்காகப் பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருத்தி டெல்லி உயர்நீதிமன்றம் வரை போன அதே 2017ல்தான் நாங்கள் ஊசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அப்படி ஒரு மருந்து இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சரி, அது போகட்டும்.

இன்றைக்குப் பிள்ளையை இந்த வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். புது முறையில் லினசோலிட் என்ற மாத்திரை இருக்கிறது. பாதத்தில் மதமதப்பு, எறும்பு ஊறுகிற மாதிரி எரிச்சல், கண்ணில் மங்கல், சிவப்பு வெளிறித் தெரிவது, இதில் எதைப் பிள்ளை சொன்னாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கீரையும் வதக்காதீர்கள்.

1956ல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வுதான், டிபி நோயாளியை சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. நமக்குப் பெருமைதான். வைத்தியம் அப்படி வீட்டுக்கு வந்தபோது, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிற வேலை அம்மாக்களிடம் வந்தது. மாத்திரை என்ன பண்ணுகிறது என்று பிள்ளையிடம் கேட்கிற வேலையும் கூடவே வந்திருக்க வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன், அதுவும் தப்பு, கடைசியில் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. அப்போது சொன்னாள்: "நீ சொல்லாம விட்டதைக்கூட விட்டுடலாம்மா. 'உயிரோட இருக்கியே, அது போதாதா'ன்னு கேட்ட பாரு, அதுக்கப்புறம் எனக்கு எது வலிச்சாலும் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு." அந்த வாரமே மருந்துப் பக்கவிளைவைப் புகார் செய்கிற 1800-180-3024 எண்ணை அவளிடம் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. படிவத்தைத் தமிழிலேயே வாங்கி, என்னை விலகச் சொல்லிவிட்டு அவளே நிரப்பினாள்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது காலையில் டிபனுக்குக் கூட்டிப்போனாள். ஒரே இரைச்சல், தட்டுச் சத்தம், மிக்ஸிச் சத்தம். பூரி கேட்டாள். சர்வர் தம்பி டேபிளைத் துடைத்துக்கொண்டே குனிந்தபடி ஏதோ சொன்னான். எனக்குக் கேட்டது. வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது, என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "பூரி தீந்துருச்சுக்கா. பொங்கல் இருக்கு."

"அப்ப ரெண்டு பொங்கல்" என்றாள். எனக்குப் பொங்கல் பிடிக்காது. சாப்பிட்டேன்.