பத்து நாளில் குளிசையை நிறுத்தாதீர்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போனபோதுதான் தெரியும், மனச்சோர்வுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையைப் பத்தாம் நாளே நிறுத்திவிட்டார் என்று. "ஒரு சுகமும் இல்லை பிள்ளை, வயிற்றைப் பிரட்டினதுதான் மிச்சம்." எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. எனக்கு அதுதான் கோபம்.

வயிறு பிரட்டியதற்குக் காரணம் இருக்கிறது. மாமியின் குளிசை வேலை செய்வது செரோட்டோனினில், நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் ஒரு இரசாயனம் அது. உடம்பிலுள்ள செரோட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால் முதலில் வயிறுதான் குழம்பும், பெரும்பாலும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

மூளையில் நடப்பது வேறு கதை. ஒரு நரம்புக் கலம் செரோட்டோனினை அடுத்த கலத்துக்கு முன்னால் இருக்கும் மெல்லிய இடைவெளியில் விடுகிறது, அது அடுத்த கலத்தில் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது, வேலை முடிந்ததும் விட்ட கலமே மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மாமியின் குளிசை அந்த உறிஞ்சும் வாசலை அடைக்கிறது. அடைப்பது முதல் நாளே நடந்துவிடும். சரி, அப்படியென்றால் சுகம் ஏன் உடனே வரவில்லை? செரோட்டோனினை அனுப்பும் கலங்களின் மேலேயே ஒரு வகை ஏற்பி இருக்கிறது, வெளியே அளவு கூடியதும் அது "போதும், குறை" என்று அந்தக் கலத்தையே அடக்கிவிடும். அந்த ஏற்பி மழுங்கிப்போகக் கிழமைக் கணக்கில் ஆகும், தாமதத்துக்கு அது ஒரு முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள். பலருக்கு நான்கு கிழமையாவது பொறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமி நிறுத்தியது பத்தாம் நாளில்.

"உங்களுக்குச் செரோட்டோனின் குறைஞ்சு போச்சு" என்று சொல்வதையும் நாம் விட வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2022இல் வந்த பெரிய மீளாய்வு ஒன்று சொன்னது. அதை வைத்து "அப்ப மருந்தே வீண்" என்று பகிர்பவர்களும் பிழை. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதும் நோய் எதனால் வந்தது என்பதும் இரண்டு கேள்விகள், காய்ச்சலுக்குப் பனடோல் போடுகிறோம் என்பதால் பனடோல் குறைந்துதான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே. அதோடு செரோட்டோனினுக்குக் குறைந்தது 14 வகை ஏற்பிகள் இருக்கின்றன, ஒன்று கலத்தைத் தூண்டும், இன்னொன்று அடக்கும். நரம்புக் கலங்களுக்கிடையே போகும் மற்றச் செய்திகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இந்தப் பொருளைப் போய் "சந்தோஷ ஹோர்மோன்" என்கிறார்கள். வாழைப்பழம் சாப்பிட்டால் அதிலுள்ள செரோட்டோனினால் மனம் தேறும் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையும் அப்படித்தான், பழத்திலுள்ள செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவே முடியாது.

குளிசை ஒத்துக்கொள்ளவில்லையா, எழுதித் தந்த வைத்தியரிடமே போய்ச் சொல்லுங்கள், திடீரென்று விட்டால் தலைசுற்றலாம், எரிச்சலும் வரலாம். கதைக்க ஆள் இல்லையென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

மாமி திரும்பவும் போய் வைத்தியரைப் பார்த்தார். இப்போது மூன்றாவது கிழமை. நித்திரை இன்னும் சரியாக வரவில்லை என்கிறார், ஆனால் குளிசையை விடவில்லை.