பயம் என்றால் பயம் என்றே சொல்லுங்கள்

இங்கே ரங்கூனில், நம் கோயில் மண்டபத்துப் பொங்கல் கண்காட்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள், நான் சொல்வதைவிடக் காரசாரமாகவே. அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. யார் பெயரையும் எழுதவும் மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும்: என் கார்ட்டூன் பக்கங்களை ஏன் சிறுவர் பகுதியில் மாட்டினீர்கள்?

முதலில் "இடமில்லை" என்றார்கள். நடுச்சுவரில் இரண்டு சாமி படங்களுக்கு நடுவே ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெறும் சுவர் இருந்தது. அடுத்து, "கார்ட்டூன்தானே அண்ணே, பிள்ளைங்க ரசிப்பாங்க" என்றார்கள். அப்புறம் மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "காலம் சரியில்ல அண்ணே" என்றார்கள்.

அந்த மூன்றாவது காரணத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் படங்களைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். பயப்படுவதில் கேவலம் ஒன்றுமில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த ஊரில் பயப்படாதவன் யார்? இந்தப் பதிவையே, இணையத்தில் இருக்கும் இடத்தை மறைக்கிற விபிஎன் போட்டுத்தான் எழுதுகிறேன், அதிலும் எழுதியதில் பாதியை அழித்துவிட்டு. பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள். என் வேலை குழந்தை விளையாட்டு என்று சொல்லி அதை மூடாதீர்கள்.

அப்படி என்னதான் வரைந்துவிட்டேன்? ஆறு கட்டம். ஒரு பாட்டி உளுந்தை ஊறவைத்துவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருக்கிறாள். நாலாவது கட்டம் முழுக் கறுப்பு. இந்தியன் இங்க்கை மூன்று தடவை பூசிக் காயவைத்த கறுப்பு. அதில் ஒரு பேச்சுக் குமிழி மட்டும்: "வந்துருச்சா?" ஐந்தாவதில் நடுராத்திரி கரண்ட் வருகிறது. தெருவில் அத்தனை வீட்டு கிரைண்டரும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, சத்தமே கட்டத்தை அடைத்துக்கொள்கிறது. ஆறாவதில் எல்லாரும் முழித்திருக்கிறார்கள், பாட்டி மட்டும் தூங்கிவிட்டாள். அவ்வளவுதான். தொப்பி இல்லை, பூட்ஸ் இல்லை, கொடி இல்லை. ரங்கூனில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தக் கதை இருக்கிறது.

சிறுவர் மேஜையில் கிரையான் வைத்திருந்தார்கள். ஒரு பொடியன் அந்தக் கறுப்புக் கட்டத்தில் மஞ்சளால் சூரியன் போட்டுவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. "ஏன் இங்க இருட்டு?" என்று நின்று கேட்டவன் அந்த மண்டபத்தில் அவன் ஒருவன்தான். பெரியவர்கள் சாமி படத்தோடு செல்பி எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். முடிவில் எனக்கும் ஒரு பங்கேற்புச் சான்றிதழும் பிஸ்கட் பாக்கெட்டும் கிடைத்தன. நன்றி. தலையில் முடியெல்லாம் நரைத்தபிறகு வாங்கிய முதல் சிறுவர் பரிசு.

இந்த நாட்டில் கார்ட்டூன் என்றைக்கு அய்யா குழந்தை விஷயமாக இருந்தது? வெள்ளைக்காரன் செருப்புக் காலோடு பகோடாவில், அதாவது புத்தர் கோயிலில், ஏறிய காலத்தில், அந்த அவமானத்தை ஒரே படத்தில் போட்டுக் காட்டியவர் பர்மியக் கார்ட்டூனிஸ்ட் பா கலே. அவருக்குப் பின்னால் பா ஜான். நம் கார்த்திகையை ஒட்டி வருகிற தசாங்டைன் விளக்குத் திருவிழாவில் தெருவோரம் பெட்டி விளக்குக்குள் கார்ட்டூன் வைப்பார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுவார். பள்ளிக்கூட பர்மியப் பாடத்தில் நான் ஒப்பேற்றியதே அந்தக் குமிழிகளை எழுத்துக்கூட்டிப் படித்ததால்தான். அங்கே கூட்டம் கூட்டமாக நின்று சிரித்ததெல்லாம் பெரியவர்கள். லுங்கியை மடித்துக்கட்டிய ரிக்‌ஷாக்காரர்கள், காய்கறிக் கூடையோடு அம்மாமார்கள்.

தணிக்கைக் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2012 ஆகஸ்ட் வரை இங்கே அச்சுக்குப் போவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும். சிவப்புப் பேனா வரும். அதற்கும் முந்தி, அச்சான பத்திரிகையில் பிடிக்காத இடத்தின்மேல் வெள்ளி மை பூசச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பக்கத்தையே கிழிக்கச் சொல்வார்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் எழுத்து தெரியும் என்று நாங்கள் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். ஓவியக் கண்காட்சி என்றாலும் திறப்புக்கு முன் ஆள் வந்து பார்த்துவிட்டு, இதை இறக்கு, அதை இறக்கு என்பார்கள். எங்கள் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஏன் கிழக்கே பார்த்துச் சிரிக்கிறான்?" என்று ஒருவர் கேட்டார். எங்களுக்கே தெரியாது. ஆனால் அவர் பார்த்தார்! ஒவ்வொரு கோட்டையும் துருவித் துருவிப் படித்தார். தணிக்கைக்காரன் கொடுத்த மரியாதையைக்கூட என் சொந்த ஜனம் கொடுக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அச்சில் போகாததை நாங்கள் ஜெராக்ஸ் போட்டோம். ஏ4 தாளை இரண்டாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, பான்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் தெரிந்த ஆளுக்கு மட்டும் கைமாற்றுவோம். டீக்கடைக் குட்டை ஸ்டூல்தான் எங்கள் ஆபீஸ். அந்தக் கூட்டத்தில் தமிழன் நான் ஒருவன்தான். நாங்கள் 'சயா', அதாவது வாத்தியார், என்று கூப்பிடும் மூத்தவர் என் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "முகம் நல்லா இருக்கு, கை எல்லாம் வாழைப்பழம்" என்றார். ஒரு மழைக்காலம் முழுக்கக் கை மட்டுமே வரைய வைத்தார். கோயிலுக்குப் போகிற பையனா, பகோடாவுக்குப் போகிற பையனா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்தவர்களில் சிலர் தாய்லாந்தில், மே சொட்டிலும் சியாங் மாயிலும். வேறு பெயர்களில் வரைகிறார்கள். யார் எந்தப் பெயர் என்று நான் கேட்பதில்லை, கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

இனி அறிவுரைகள். "கோயில் மண்டபத்தில் அரசியல் எதற்கு?" இட்லி மாவு அரசியல் என்றால் உங்கள் வீட்டு அடுக்களையிலும் அரசியல்தான் அய்யா. "தமிழ் விழாவில் பர்மியக் குமிழி எதற்கு?" உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள், எந்தக் குமிழியை அவர்களால் படிக்க முடிகிறது என்று. நான் இரண்டிலும் எழுதித்தான் கொடுத்திருந்தேன். "விளம்பரம் தேடுகிறான்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. இந்த ஊரில் கார்ட்டூன் போடுகிறவன் விளம்பரத்தைத் தேடமாட்டான், அதைக் கண்டால் ஓடுவான்.

ஒரு அக்கா சொன்னது மட்டும் கொஞ்சம் உறைத்தது. "உனக்கென்ன, தனி ஆள். மண்டபத்துக்கு ஒன்று ஆனால் நூறு குடும்பத்துக்குச் சோறு எங்கே போடுவது?" நியாயம்தான். மறுக்கவில்லை. ஆனால் அக்கா, அதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே? நான் என்ன, இந்த வரலாறு தெரியாதவனா? 1964இல் மொகல் தெருவில் தாத்தாவின் துணிக்கடை அரசுடைமையாகி, ஒரே நாளில் அதன் மேல் அரசாங்கப் பலகை ஏறியது. அதே வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டு செல்லாது என்றார்கள். பெரியப்பா குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போனது. தாத்தா போகவில்லை. போகாதவர்கள் எல்லாம் தலையைக் குனிந்தே பிழைத்தோம், அது புரிகிறது. ஆட்சிக்கு எதிராக ஊரே தெருவில் இறங்கிய 1988இல் நான் வரைந்து வைத்திருந்த நோட்டை அப்பா அடுப்பில் போட்டார். போடும்போது, "எனக்கு பயமா இருக்குடா" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். அப்பாமேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "கார்ட்டூன்தானே" என்றீர்கள். அந்த 'தானே' எனக்கு இன்னும் வலிக்கிறது.

நடுச்சுவரில் என்ன மாட்டலாம் என்று அடுத்த வருஷம் கமிட்டி கூடும்போது என்னையும் கூப்பிடுங்கள், சந்தா கட்டிய ரசீது கையில் இருக்கிறது. என் படம் வேண்டாம் என்றால் அங்கேயே, எல்லார் முன்னாலும், காரணத்தோடு சொல்லுங்கள். "விடுங்க அண்ணே, பெரிசு பண்ணாதீங்க" என்று போன் பண்ண இருப்பவர்கள் தயவுசெய்து பண்ணாதீர்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில் எனக்கு வரைகிற வேலை இருக்கிறது.