ரெஜெக்ஸைத் தேட விடுங்கள், வாசலில் நிறுத்தாதீர்கள்

போன வாரம் ஒரு புகார் வந்தது. "என் பெயரை உங்கள் ஃபார்ம் ஏற்க மாட்டேன் என்கிறது. ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று சிவப்பில் காட்டுகிறது. பிறந்ததிலிருந்து என் பெயர் இதுதான். இதைவிடச் சரியான பெயருக்கு நான் எங்கே போவேன்?" அவர் பெயரை இங்கே செல்வி என்று வைத்துக்கொள்வோம். தமிழில் மூன்றே எழுத்து.

நிரலைத் திறந்து பார்த்தேன். பெயருக்கான கட்டத்தின் பின்னால் ஒரு ரெஜெக்ஸ் உட்கார்ந்திருந்தது. ஒரு உரை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று குறியீடுகளால் சொல்லும் பேட்டர்னுக்குத்தான் ரெஜெக்ஸ் என்று பெயர். எந்தப் புண்ணியவான் எழுதியது என்று, நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை வைத்திருக்கும் கிட் வரலாற்றில் தேடினால், நான்தான். ஆறு வருடம் முன்பு. அந்த மாற்றத்துக்கான கமிட் குறிப்பில் பெருமையாக "தமிழ்ப் பெயர்களுக்கும் ஆதரவு" என்று வேறு போட்டிருக்கிறேன்.

அதில் ஆங்கில எழுத்துகளுக்கான பகுதியை விட்டுவிட்டால் மிச்சம் இதுதான்: ^[அ-ஹ ]+$

தொடக்கம் முதல் முடிவு வரை, அ-விலிருந்து ஹ வரையுள்ள எழுத்துகளும் இடைவெளியும் மட்டுமே இருக்கலாம் என்று பொருள். படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. அ-வில் ஆரம்பித்து ஹ-வில் முடித்தால் தமிழ் முடிந்துவிட்டது அல்லவா? கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தும் யூனிகோடில் முடியவில்லை. அங்கே முதலில் உயிரெழுத்துகள், பிறகு அகரமேறிய மெய்கள், அதற்கும் பின்னால்தான் கால், கொம்பு, புள்ளி முதலியவை தனித்தனிக் குறியீடுகளாக வரிசையில் நிற்கின்றன. நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கும் "செல்வி"யைக் கணினி ச, எகரக் கொம்பு, ல, புள்ளி, வ, இகரக் குறி என்று ஆறு துண்டாக வைத்திருக்கிறது. என் ரெஜெக்ஸ் இரண்டாவது துண்டிலேயே கதவைச் சாத்திவிட்டது. ஃபாத்திமா என்று ஒருவர் வந்திருந்தால் முதல் துண்டிலேயே சாத்தியிருக்கும். ஆய்த எழுத்து யூனிகோடில் அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது.

டெஸ்ட் எழுதாமல் இல்லை. அ, க, ழ என்று ஒற்றை எழுத்துகளை வைத்து எழுதியிருக்கிறேன். எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. ஆறு வருடம் யாரும் புகார் சொல்லவில்லையே என்றால், பெரும்பாலோர் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழில் முயன்றவர்கள் ஒரு முறை சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கிக்கொண்டு, தாங்களே ஆங்கிலத்துக்கு மாறியிருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை. திருப்பி அனுப்பியவர்களின் கணக்கை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ரெஜெக்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் வலைநிரல் எழுதுகிற நாம் எல்லோரும் ஒரே தவறை மாற்றி மாற்றிச் செய்கிறோம் என்று தோன்றுகிறது. தேடுவதற்கு அதைப் போல ஒரு கருவி கிடையாது. அதையே வாசலில் காவலுக்கு நிறுத்தி, உள்ளே வரும் மனிதர்களைச் சோதிக்கச் சொல்வதுதான் வம்பு.

அது வந்த வழியைப் பாருங்கள். 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களுக்கு ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வலைகளால் எந்தெந்தத் தொடர்களை அடையாளம் காண முடியும் என்று ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி என்ற கணிதவியலாளர் 1950-களில் இந்தக் குறியீட்டை உருவாக்கினார். நாம் இன்று போடும் நட்சத்திரக் குறி அவருடையது. 1968-இல் கென் தாம்ப்சன் அதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்து ஒரு கட்டுரை எழுதினார். பிறகு யூனிக்ஸின் ஈடி எடிட்டரில், கோப்பு முழுவதும் ஒரு பேட்டர்னைத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடச் சொல்லும் கட்டளையே கிரெப் என்ற தனிக் கருவியாக வந்தது. ஆக, நமக்கு இது கைக்கு வந்ததே தேடுகிற வேலைக்காகத்தான்.

தேடும்போது இது ஏன் நன்றாக இருக்கிறது? விடை கண் முன்னால் இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு ஆளும் இருக்கிறார். ஒரு முறை நூற்றுக்கணக்கான கோப்புகளில் நாள்-மாதம்-ஆண்டு என்றிருந்ததை ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு பொருளின் வரிசை எண்ணும் அதே வடிவத்தில் இருந்ததால் வலையில் மாட்டியது. மாற்றுவதற்கு முன் பட்டியலைப் பார்த்தபோது கண்ணில் பட்டுவிட்டது, அதை மட்டும் விலக்கினேன். பேட்டர்ன் தவறுதான். ஆனால் அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. வாசலில் நிற்கும் ரெஜெக்ஸ் தவறினால் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் தன் பெயரை நான்கு விதமாக அடித்துப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடுவார். நாம் தூங்கிக்கொண்டிருப்போம்.

தமிழ் என்பதால் இந்தக் கஷ்டம் என்று நினைத்தால், பாதிதான் உண்மை. சொல்லெழுத்து என்ற பெயரில் எல்லோரும் போடுகிற, பேக்ஸ்லாஷோடு வரும் டபிள்யூ (\w) இருக்கிறதே, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சாதாரணமாக அதற்குத் தெரிந்தது மொத்தம் 63 எழுத்துகள்தான்: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, இலக்கம் 10, அப்புறம் ஒரு அடிக்கோடு. உலகத்தில் மற்றவர்கள் எழுதுவதெல்லாம் அதன் கணக்கில் சொல்லே இல்லை. பிரெஞ்சுக்காரர் பெயரில் உள்ள உச்சரிப்புக் குறியும் மாட்டும். பைத்தான் 3 கொஞ்சம் தாராளம், தமிழ் எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் உள்ளமைந்த ரெஜெக்ஸ் நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. "செல்வி"யைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் ச, ல, வ என்று மூன்று சொற்களைக் கையில் கொடுக்கும். முற்றாக மறுப்பதைவிட இது மோசம். வேலை செய்வது போலவே தெரியும்.

2018-ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில்தான், "எந்த மொழியின் எழுத்தானாலும் சரி" என்று யூனிகோட் பண்பை வைத்துக் கேட்கும் வசதி வந்தது. அதிலும் எழுத்து என்ற வகையை மட்டும் கேட்டால் என் பழைய தவறேதான் திரும்ப வரும். குறிகள் என்ற வகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைச் செய்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. இதை நார்மலைஸ் செய்து, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சரிக்கட்டலாம். "கௌ"வை அடிக்கத் தெரியாமல் "கெ"வுக்குப் பக்கத்தில் "ள" போட்டு வைத்தவரை எந்த நார்மலைசேஷனும் காப்பாற்றாது. தேடலில் இது மாட்டினால், அடடா என்று இரண்டாவது பேட்டர்ன் போட்டுக்கொள்ளலாம். வாசலில் மாட்டினால்?

காவல் வேலையின் இன்னொரு ஆபத்து, வருபவர் என்ன கொண்டுவருவார் என்பது நம் கையில் இல்லை. இதற்கு ஊரறிந்த சாட்சி உண்டு. 2016 ஜூலை 20 அன்று, நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்துவிட்டது. காரணம், வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை வெட்டுவதற்கு வைத்திருந்த ஒரு எளிய ரெஜெக்ஸ். யாரோ போட்ட பதிவில் ஒரு வரியின் நடுவே சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து இருந்தன. இயந்திரம் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000-ஐயும் விழுங்கிப் பார்க்கும். அதற்கப்புறம் வரி முடியவில்லை, வேறு எழுத்து இருக்கிறது. சரி என்று இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மறுபடி 19,999. பிறகு மூன்றாவதிலிருந்து. கூட்டிப் பார்த்தால் 20 கோடி சோதனை, ஒரே ஒரு வரிக்கு! அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வந்ததுதான் வினை. சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க, வருபவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் தட்டிய கதவும் அதே முகப்புப் பக்கம். கடைசியில் ரெஜெக்ஸை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்ட்ரிங் வெட்டும் ஃபங்ஷனைப் போட்டுத்தான் சரிசெய்தார்கள்.

2019 ஜூலை 2 அன்று, பல தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைக் காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்கும் இதே கதி, 27 நிமிடம். தாக்குதலைத் தடுப்பதற்காக ஃபயர்வாலில் சேர்த்த ஒரு புதிய விதியில் .*.*=.* என்று சுருங்கக்கூடிய ஒரு துண்டு இருந்தது. "எந்த எழுத்தும், எத்தனை வேண்டுமானாலும்" என்பதை அடுத்தடுத்துக் கேட்பது அது. உலகம் முழுக்க அவர்கள் சர்வர்களின் சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டது. திருடனைப் பிடிக்க வைத்த காவலாளி வாசலையே அடைத்துக்கொண்டு நின்றான்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் ^(அ+)+$ (அ-க்களின் குழுக்கள் மட்டுமே இருக்கலாம் என்று பொருள்) என்று எழுதி, முப்பது அ-க்களுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டுக் கொடுங்கள். பொருந்தாது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முப்பது அ-க்களைக் குழுக்களாகப் பிரிக்க 53 கோடிக்கும் மேல் வழிகள் உண்டு, பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் இயந்திரம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளும். ஒரு அ கூடினால் வேலை இரட்டிப்பாகும். சோதிக்கிற டேபில் வேறு வேலை எதுவும் திறந்திருக்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1968-இல் தாம்ப்சன் சொன்ன முறையில் இந்த வெடிப்பே கிடையாது. சாத்தியமான எல்லா நிலைகளையும் ஒரே சமயத்தில் நகர்த்திக்கொண்டு உரையை ஒரே தடவை கடக்கும் முறை அது. பின்னால் வந்த மொழிகள் பின்னோக்கிச் சுட்டுதல் (முன்பு பொருந்திய துண்டையே மறுபடி கேட்பது) போன்ற வசதிகளுக்காகப் பின்வாங்கும் முறையைப் பிடித்துக்கொண்டன, நாமும் அதையே ரெஜெக்ஸ் என்று பழகிவிட்டோம். கோ மொழியின் நூலகமும், ரஸ்டில் பரவலாகப் பயன்படும் நூலகமும், கூகுளின் ஆர்ஈ2-வும் பழைய வழிக்குத் திரும்பியவை. வெளியாள் கொடுக்கும் உரைமேல் ரெஜெக்ஸை ஓட்டியே தீர வேண்டும் என்றால் நான் இவற்றில் ஒன்றைத்தான் கேட்பேன்.

மின்னஞ்சல் முகவரிக்கு வருகிறேன், இதில் எனக்குப் பொறுமை குறைவு. மூன்று வரிக்கு நீளும் ஒரு பூதாகாரமான பேட்டர்னை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள், அது முகவரியில் கூட்டல் குறி வைத்திருப்பவரை விரட்டும். எச்டிஎம்எல் தரமே இந்த விஷயத்தில் அதிகாரபூர்வ மின்னஞ்சல் இலக்கணத்தை வேண்டுமென்றே மீறுவதாக எழுதி வைத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு எளிய பேட்டர்ன் வைத்திருக்கிறது. நீங்கள் @ இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மெயில் அனுப்புங்கள். வந்து சேர்ந்தால் முகவரி சரி. வடிவம் கச்சிதமாக இருந்து ஆளே இல்லாத முகவரியை எந்த ரெஜெக்ஸும் கண்டுபிடிக்காது.

"அப்படியானால் பாதுகாப்பு?" என்று கமென்டில் கேட்பீர்கள். அலுவலகத்திலும் கேட்டார்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் டேட்டாபேஸில் யாராவது விளையாடிவிடுவார்களே என்று பயம். அதற்காக ஓ'பிரையன் என்பவரை வெளியே நிறுத்துவது நியாயமா? கேள்வியையும் மதிப்பையும் பிரித்து அனுப்பும் பாராமீட்டர் முறை டேட்டாபேஸைக் காக்கும். பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்தால், அதாவது குறிகளை வெறும் எழுத்தாகவே காட்டச் செய்தால், பிரவுசரைக் காக்கும். இரண்டையும் செய்யாமல் வாசலில் மட்டும் ரெஜெக்ஸ் வைத்திருக்கும் தளத்தில் என் பெயரைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

சரி, வேலிடேஷனுக்கு, அதாவது உள்ளீட்டைச் சரிபார்க்க, எங்கேயுமே ரெஜெக்ஸ் வேண்டாமா? வேண்டும். வடிவம் நாமே வகுத்ததாக இருந்தால் தாராளமாக. நம் சிஸ்டமே உருவாக்கிய ஆர்டர் எண், நாம் அனுப்பிய ஆறு இலக்க ஓடிபி, இவற்றுக்கு என்ன வடிவம் என்று நமக்குத்தான் தெரியும். அங்கே ரெஜெக்ஸ் பொய் சொல்லாது. மனிதர்களின் பெயருக்கும் முகவரிக்கும் நாம் வடிவம் வகுக்கவில்லை. (ஓடிபிக்கும் ஒரு எச்சரிக்கை: ஜாவாஸ்கிரிப்டில், எல்லாப் பொருத்தங்களையும் தேடச் சொல்லும் ஜி கொடியோடு ஒரு ரெஜெக்ஸை மாறிலியில் வைத்து அதையே திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்தால், அதே உள்ளீட்டுக்கு ஒரு தடவை ஆம் என்றும் அடுத்த தடவை இல்லை என்றும் சொல்லும். போன முறை எங்கே நிறுத்தியது என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. இதில் நான் தொலைத்த ஒரு மதியத்தை யாரும் திருப்பித் தரவில்லை.)

செல்வியின் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பேட்டர்னைத் திருத்தவில்லை, தூக்கிவிட்டேன். இப்போது பெயருக்கு இரண்டே நிபந்தனை: காலியாக இருக்கக்கூடாது, 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அவருக்கு மன்னிப்பும் நன்றியும் எழுதினேன், அவரும் தமிழிலேயே பதிவு செய்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கோட் ரிவ்யூவில் ஒருவர் கேட்டார்: "200 எழுத்து என்றால் எதை எண்ணுவது?" டேட்டாபேஸ் பார்ப்பவர் சேமிப்பில் பிடிக்கும் இடமான பைட்டை எண்ணச் சொல்கிறார், அந்தக் கணக்கில் செல்வி 18. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 6. செல்வியைக் கேட்டால் 3 என்பார். திங்கட்கிழமை மறுபடி உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.