கண்ணீர்ப் பை ஆபரேஷன் செய்தால் கண் வறண்டுவிடுமா?
"மூக்கோரம் ஆபரேஷன் செய்தால் கண்ணீரே வற்றிவிடும், குடியாத்தத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கண்ணீர் ஊறும் சுரப்பி மேல் இமைக்கு உள்ளே, வெளி ஓரத்தில் இருக்கிறது. இதில் அதைத் தொடுவதே இல்லை. அடைபட்டிருப்பது, கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வடிகால். கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டு, கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குள் புதுவழி திறப்பார்கள், அவ்வளவுதான்.

காட்பாடியில் என் அத்தைக்கு மூக்கோரம் அழுத்தினால் சீழ் வரும். கீழ் இமை ஓரத்தில் கண்ணீர் வடியும் துளையில் உப்புநீர் செலுத்திப் பார்த்தபோது தொண்டைக்கு இறங்காமல் மேல் இமைத் துளை வழியாகத் திரும்பி வந்தது. அடைப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆபரேஷனும் செய்தாயிற்று. இப்போதும் வெங்காயம் நறுக்கினால் அழத்தான் செய்கிறார்!

அப்புறம், கைக்குழந்தைக்கு இந்த அடைப்பு என்றால் கதையே வேறு. டாக்டர் காட்டித்தரும்படி மூக்கோரம் நீவிவந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துகொள்ளும்.