புத்தகம் தராத நூலகத்துக்கு நான் ஏன் மதிப்பெண் போட வேண்டும்?

பல்கலைக்கழக இணையதளத்தில் ஹால் டிக்கெட் எடுக்கப் போனால் முதலில் ஒரு படிவத்தை நிரப்பு என்கிறது. நூலகச் சேவையில் எவ்வளவு திருப்தி, 1 முதல் 5 வரை குறிக்க வேண்டுமாம். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 'பயன்படுத்தவே முடியவில்லை' என்று சொல்ல அதில் ஒரு கட்டம்கூட இல்லை. எதையாவது குறித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் வேலை. அசைன்மென்ட்டுக்கு இரண்டு புத்தகம் வேண்டியிருந்தது. எங்கள் ஊர் கிளை நூலகத்தில் தேடினேன். போட்டித் தேர்வுப் புத்தகங்கள்தான் இருந்தன. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, விடிகாலையில் பஸ் பிடித்து, நாலு மணி நேரம் பயணம் செய்து பல்கலைக்கழகத்துக்கே போனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். "தொலைதூரமா? உங்களுக்கு வெளிய தர மாட்டோம்மா, இங்கயே உட்கார்ந்து பாத்துட்டுப் போங்க." அந்த மேசையில் இருந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, விதி அப்படி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் முந்நூறு பக்கத்தை எப்படிப் படிப்பது? கட்டண ரசீதில் மட்டும் 'நூலகக் கட்டணம்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதை வாங்கும்போது நான் தொலைதூரமா பக்கமா என்று யாரும் கேட்கவில்லை.

சரி, மின்னிதழ்களையாவது படிக்கலாம் என்றால் அவை வளாக இணையத்தில்தான் திறக்கும். வெளியிலிருந்து திறக்கப் பல்கலைக்கழக மின்னஞ்சல் வேண்டும்; அதை ரெகுலர் மாணவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். வளாகத்திலேயே இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து படிக்க வழி இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கிற எனக்கு இல்லை! இது என்ன நியாயம்? தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரிக் கணக்கை வைத்து எங்கிருந்தும் மின்னிதழ்களைத் திறக்க, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அரசு அமைப்பான இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற ஏற்பாட்டையே நடத்துகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ தன் பாடநூல்களை 'ஈ-ஞானகோஷ்' தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் மண்ணிலேயே ஒரு புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க எனக்கு முழுசாக ஒரு நாள் போகிறது.

பாடப்புத்தகக் கட்டைத் தபாலில் அனுப்பத் தெரிகிறதே, நூலகப் புத்தகத்தை அனுப்ப முடியாதா? முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், தபால் செலவையும் நாங்களே தருகிறோம். அதுவும் முடியாதென்றால் படிப்பு மையத்தில் ஒரு அலமாரி வையுங்கள். மாதம் ஒரு ஞாயிறு நேர்முக வகுப்புக்கு எப்படியும் வருகிறோம், அப்போது எடுத்து, அடுத்த வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

படிவத்தில் 1 குறித்தேன். கீழே கருத்துக்கென்று விட்டிருந்த சின்னப் பெட்டியில் இதையெல்லாம் எழுத இடம் போதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.