நேர்காணலுக்குப் பிறகு எழுதும் நன்றிக் கடிதம்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியான நாளிலிருந்து, பிளஸ் ஒன் சேர்க்கைக்காக மதுரையில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இன்டர்வியூ முடிந்துவிட்டது டீச்சர், நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்பலாமா? காக்கா பிடிப்பதாக நினைத்துவிட மாட்டார்களே?" பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருப்பார். அங்குள்ள தனியார் பள்ளிகளில், நேர்காணல் முடிந்த ஓரிரு நாளில் மாணவரே நன்றி எழுதி அனுப்புவது பரவலான வழக்கம். நேர்காணல் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் 11 ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதைப் பிள்ளை எழுத வேண்டும், அதில் எதையும் கேட்கக் கூடாது.

நான் பேசுவது மேல்நிலை வகுப்புச் சேர்க்கையைப் பற்றி மட்டுமே. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது; மற்ற பள்ளிகளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட பள்ளிக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டிய கடன் எந்தப் பெற்றோருக்கும் இல்லை.

எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அப்பாக்கள் எழுதியவை என்பது கையெழுத்திலேயே தெரிந்துவிடும். விடுப்பு விண்ணப்பம் போல அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, பள்ளியின் புகழை நான்கு வரியில் பாடி, "எனவே தாங்கள் கருணை கூர்ந்து" என்று முடியும். அந்தக் கடைசி வரி வந்தவுடன் கடிதம் மனுவாகிவிடுகிறது. ஒருவர் கடிதத்தோடு ஒரு கிலோ அல்வாவும் கொடுத்தனுப்பினார். அதைத் திருப்பி அனுப்பும்போது, தூக்கிக்கொண்டு வந்த சிறுவனின் முகம் வாடியதைப் பார்த்து எனக்குத்தான் மனம் கனத்தது. பெரியவர்கள் செய்யும் காரியத்தின் கூச்சத்தைப் பிள்ளைகள் சுமக்க நேர்வது எனக்குச் சற்றும் பிடிக்காது.

இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு உள்நாட்டுக் கடிதம் இன்றும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாயுடன் வந்த ஒரு மாணவி எழுதியது. நேர்காணலில் அவள் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆர்வமாகப் பேசியதால், வைகை அணையில் எத்தனை அடி தண்ணீர் நின்றால் அந்தப் பகுதிக் கண்மாய்களுக்குப் போகும் 58 கிராமக் கால்வாயில் திறந்துவிட முடியும் என்று கேட்டேன். 65 அடி என்றாள். எனக்கும் உறுதியாகத் தெரியாததால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அம்மா, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். 67 அடி வேண்டுமாம். அணையின் முழு உயரமே 71 அடிதான் என்பதால் எங்களுக்குத் தண்ணீர் வருவது அபூர்வம் என்றார். தவறாகச் சொன்னதற்கு மன்னியுங்கள். நின்றுகொண்டிருந்த என் அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னீர்களே, அதற்கு நன்றி."

இவ்வளவுதான் கடிதம். இடம் வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. நாற்காலியை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேரைப் பார்த்துவிட்டு, மாலையில் முகங்கள் எல்லாம் ஒன்றாகக் குழம்பிப்போன நிலையில் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, அந்த அறையில் தாம் செய்த ஒரு சிறு காரியத்தை ஒரு பிள்ளை கவனித்திருக்கிறாள் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அறையில் பேசியவற்றில் மனத்தில் நின்ற ஒன்றை அவர்களே எழுதட்டும். ஐந்தாறு வரி போதும், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டாம். ஒரே வாசகம் நான்கு பிள்ளைகளிடமிருந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். ஆசிரியரின் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவரைச் சங்கடப்படுத்தும்.

கடிதம் அனுப்பினால் இடம் கிடைக்குமா என்பவர்களுக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவியின் கடிதம் என் கைக்கு வந்தபோது, அறிவிப்புப் பலகையில் தேர்வுப் பட்டியல் ஒட்டி ஒரு நாள் ஆகியிருந்தது. அவள் கேட்டிருந்த அறிவியல் பிரிவுக்கு மதிப்பெண் போதாமல், அவள் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. முன்பே வந்திருந்தாலும் பட்டியல் மாறியிருக்காது, மாறவும் கூடாது. அன்று மாலையே ஓர் அஞ்சலட்டை வாங்கி, இடம் தர முடியாமற்போன வருத்தத்தைத் தெரிவித்து, அப்பா சொன்ன 67 அடிதான் சரி, நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்று பதில் எழுதினேன்.